ரேஷன் கடை வரிசையில் ஒரு யானை

காலை பதினொன்று ஐந்து. முதலில் கண்ணில் பட்டது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உயர்ந்த ஒரு கை. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. மணிக்கட்டில் கோவில் கயிறு. மழை ஈரத்தில் மஞ்சள் நிறம் போயிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, கட்டைவிரலும் உள்ளே போனதும் நான் பேச ஆரம்பிக்க வேண்டும். என்ன பேசப்போகிறேன் என்று அந்த நொடிவரை எனக்கும் தெரியாது.

வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், அதுதான் என் வேலையாக இருந்தது. கூடலூரிலிருந்து தேவாலா போகும் சாலையில், ஒரு மேட்டின் மேல், சிமென்ட் கடையின் மாடியில் எங்கள் சமுதாய வானொலி. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். ஜூன் மாதத்தில் அவை ஊறி, அறையில் கோழிப்பண்ணை வாசனை வரும். ஒலிபரப்பு அதிக தூரம் எட்டாது. சாலையில் ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் காணாமல் போகும், மூன்றாவது வளைவில் நான் வேறு கதையில் இருப்பேன். நிகழ்ச்சிக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம். யாரும் அதைச் சொன்னதில்லை. 'பதினொரு மணி ஆளு' என்றுதான் என்னைச் சொன்னார்கள்.

அதற்கு முன்னால் நான் ஒரு நாளிதழின் நிருபர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்தவன். ஊட்டியில் இருந்த அலுவலகத்தைப் பத்திரிகை மூடியபோது கீழே இறங்க மனமில்லாமல் வானொலியில் சேர்ந்தேன். சமுதாய வானொலிக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. ஆகவே நகைச்சுவை கொடுத்தார்கள். பல ஆண்டுகள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு, நடக்காததை மட்டும் பேச வந்தேன்.

எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அது ஆகாது என்று. தாளைப் பார்த்துப் படித்தால் என் குரல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல இருந்தது. அதைச் சொன்னவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்தான். ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் அவள் ஒருத்திதான் வேலை. மைக்கை ஏற்றி இறக்குவது, பாட்டுப் போடுவது, தொலைபேசி எடுப்பது எல்லாம் அவளே.

"அண்ணே, அந்தப் பேப்பர வெளிய வெச்சிட்டு வாங்க," என்றாள். "என்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அன்றிலிருந்து ஒரு முறை உருவானது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியதும், அவள் தன் மைக்கிலிருந்து ஒரே ஒரு வரி சொல்வாள். முந்தைய நாள் அவள் குடியிருந்த லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நடந்த ஏதாவது ஒன்று. பிறகு கை உயரும். விரல்கள் மடங்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

"நேத்து எங்க லயத்துல பைப்புல தண்ணி வந்திச்சு," என்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான். நான் தொடங்கினேன்: "நெசமாத்தானுங்க சொல்றேன். தண்ணி வந்திருக்குதுங்க. ஒரு போன் இல்ல, ஒரு தகவல் இல்ல, திடுதிப்புன்னு வந்து நின்னிருக்குது. கொடமெல்லாம் கவுந்து தூங்கிட்டிருந்துச்சாமா. சனமெல்லாம் கூடி நின்னு பாத்திருக்காங்க. ஒருத்தரு போட்டோ எடுத்தாரு. ஒருத்தரு, 'ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க'ன்னு கேட்டாரு. தண்ணிக்கு வெக்கமாப் போச்சு. வந்த வழியே திரும்பிப் போயிருச்சுங்க."

பேசும்போது நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் சத்தமாகச் சிரிக்கமாட்டாள். தோள் இரண்டும் லேசாக ஏறினால் அந்த வழியில் இன்னும் கொஞ்சம் போகலாம். அவள் மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் கதையைத் திருப்ப வேண்டும். வெளியே பேருந்து ஹாரன் அடித்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்வேன். கீழே சிமென்ட் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன். இப்போது யோசித்தால் அந்தச் சத்தங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. என் வார்த்தைகள் பாதி மறந்துவிட்டன. தார்ப்பாயில் மழை விழும் சத்தமும், பேருந்து மேட்டில் கியர் மாற்றும் சத்தமும் அப்படியே இருக்கின்றன.

அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். வந்த நாளிலிருந்து தேவாலாப் பக்கத்து எஸ்டேட்தான். அவர் வேலைசெய்யும் குழுவில் ரேடியோ வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய செட், இரண்டு பேட்டரிக்கட்டை போடுவது. அதைத் தலைத்துணியில் முடிந்து, காதுக்கு மேலே வைத்துக்கொள்வார். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை, அதாவது செடி வரிசை, பிடித்துப் போவார்கள். பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நடு நிரை கொடுத்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் சமமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. நடு நிரையில் கொழுந்து சுமாராக இருந்தாலும் அவர் மறுப்பதில்லையாம்.

இது மகளுக்குப் பிடிக்கவில்லை. என் நிகழ்ச்சிமீது வருத்தம் ஒன்றும் இல்லை. யானைதான் காரணம்.

அந்தப் பக்கத்து எஸ்டேட்களில் யானை புதிதல்ல. சோலைக்காட்டிலிருந்து இறங்கும், தேயிலைக்குள் நடக்கும், அடுத்த காட்டுக்குப் போய்விடும். இடையில் ஆள் நின்றால்தான் விபரீதம். தேயிலையில் நிற்பவர்களுக்கு யானையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பதுதான் பாதுகாப்பு. ஒரு கிளை முறியும், அல்லது செடி உரசும். பத்திரிகையில் இருந்தபோது கேட்காதவர்களைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். ஒற்றைப் பத்தியில், பெயர், வயது, எஸ்டேட், பிரேதப் பரிசோதனை என்று நாலு வரியில் முடியும் செய்திகள்.

"ரேடியோவ மலைக்குக் கொண்டுபோகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன்," என்று அவள் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள். "காதுல நீங்க கத்திக்கிட்டு இருந்தா ஆனை வர்றது எப்படி அண்ணே விளங்கும்?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"'அந்த மனுசன் கொரலக் கேட்டா ஆனை அப்படியே திரும்பிப் போயிரும்'னு சொல்லுது."

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கதைகளில் நிரந்தரமாக வந்துகொண்டிருந்தது ஒரு யானைதான். அதை நான் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஒருநாள் அவள், "நேத்து ரேசன் கடையில மிசின் வேல செய்யல," என்றாள். பேசிக்கொண்டே போனபோது வரிசையில் ஒரு யானை வந்து நின்றுவிட்டது. "கைரேகை வெக்கச் சொன்னாங்க. அதுக்கு ஏதுங்க வெரலு? காலை வெச்சுது. மிசினு போச்சு. 'சர்வர் இல்ல, நாளைக்கு வா'ன்னுட்டாங்க. அதுவும் நம்மள மாதிரியே தலைய ஆட்டிட்டுப் போயிருச்சுங்க." அன்று அவள் தோள் குலுங்கி, கை பட்டு மேசையில் ஏதோ ஒரு விசை நகர்ந்து, என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது.

அதன்பிறகு யானையை விட முடியவில்லை. அழைக்கிறவர்களே அதை விசாரிப்பார்கள். கூடலூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மிளகு வியாபாரி, "சேட்டா, நம்ம ஆனைக்கு ரேசன் கிட்டியோ?" என்று கேட்டார். யானை தேவாலா பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ, உள்ள எடமிருக்குது" என்றார். யானை பேங்கில் கணக்குத் தொடங்கப் போனது. வெள்ளிக்கிழமைகளில் யானையைப் பற்றிய செய்தி அறிக்கையை என் பழைய தொழிலின் குரலில் வாசிப்பேன். எல்லாக் கதையும் 'நெசமாத்தானுங்க' என்றுதான் தொடங்கும்.

அம்மா ரேடியோவை விடவில்லை. மகள் ஒருமுறை பேட்டரிக்கட்டைகளை எடுத்து ஒளித்து வைத்தாள். சாயங்காலம் அம்மா புதுக் கட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதோடு, "ஒன் அண்ணன்கிட்ட சொல்லு, நேத்துக் கத கொஞ்சம் சப்புன்னு இருந்திச்சாம்," என்ற சொல்லையும் அனுப்பினார்.

மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை. அவள் கொடுத்த வரி, "நேத்து எங்க லயத்துல ஆதார் கேம்ப்." யானை ஆதார் எடுக்கப் போயிருந்தது. "காது தெரியற மாதிரி நில்லுன்னு சொன்னாங்க. நின்னுதுங்க. போட்டோவுல காது மட்டுந்தான் தெரியுது. இத வெச்சு ஆள எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு போட்டோ எடுக்கற பையன் கேக்கறான்." அவள் தோள் ஏறியது. அப்போது மேசையில் தொலைபேசி விளக்கு எரிந்தது. அழைப்புகளுக்கான நேரம் இன்னும் வரவில்லை. எடுத்தாள். தோள் இறங்கியது.

என் ஹெட்போனில் அவள் குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. எஸ்டேட் வாச்சர் பேசுகிறார். நாவமரத்து மலையின் மேல்வரம்பில், காட்டை ஒட்டி, ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று நிற்கிறது. கீழே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் எதிர்ச்சரிவில் இருக்கிறார், நடுவில் ஓடை. தண்ணீர்ச் சத்தத்தில் அவர் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அந்த மலையில் போன் சிக்னல் கிடையாது. ரேடியோ மட்டும் எடுக்கும்.

"அம்மா அங்கதான் இருக்கு," என்றாள்.

எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைப் பிரிவையும் மலை என்றுதான் சொல்வார்கள். நாவமரத்து மலை எனக்குத் தெரியும். மேலே சோலை, கீழே ஜீப் ரோடு, நடுவில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

நான் மைக்கில் சொன்னேன். "ஏனுங்க, கதைய நிறுத்திட்டேன். இப்பச் சொல்றது நெசம். நாவமரத்து மலைக்கு மேல ஆனை நிக்குதுங்க. கூடையப் போட்டுட்டுக் கீழ் ரோட்டுக்கு எறங்கிருங்க."

அவள் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, தன் மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எனக்கும் இப்போது கேட்டது. மலையாளம் கலந்த வாச்சரின் குரல், பின்னால் ஓடை.

"அய்யோ மோளே, அவங்க சிரிக்குதே!"

மறுபடியும் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 'நெசம்' என்ற சொல்லை நான் ஆண்டுக்கணக்கில் செலவு செய்திருந்தேன். பழைய குரலுக்குப் போனேன். தேவாலா அருகே உள்ள தேயிலைத் தோட்டத்தில் காட்டு யானை நடமாட்டம் காணப்படுவதால் தொழிலாளர்கள் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று, வரி பிசகாமல், நிருபராக இருந்து எத்தனையோ முறை எழுதிய அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

"இப்ப ஜாஸ்தி சிரிக்குது!" என்றார் வாச்சர். "ஒருத்தி கூடைய எறக்கி வெச்சிட்டு சிரிக்குது சாரே! ஆனை ரெண்டு அடி கீழ வச்சாச்சு!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவ்வளவு காலத்தில் மைக் முன்னால் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. யோசித்து நிறுத்தியதாகப் பின்னாளில் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. எனக்குச் சொல் தீர்ந்துவிட்டது.

வானொலியில் அமைதி கூடாது. பேசுகிறவர் திணறினால் அடுத்த நொடி பாட்டு ஏற வேண்டும். அதற்காக எப்போதும் ஒரு பாட்டு தயாராக இருக்கும். அவள் கை பழக்கத்தில் அந்த விசைக்குப் போனது. விரல் அதன்மேல் நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. ஒலிபரப்பிலும் இல்லை. தொலைபேசியில் ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிப்பு நிறுத்தி," என்றார் வாச்சர். கொஞ்சம் கழித்து, "ஒருத்தி தலையில இருந்து என்னமோ எடுத்துக் காதுல வைக்குது... இப்ப மேல நோக்குது. எல்லாரும் நோக்குது." அதன்பின் அவர் எங்களிடம் பேசவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம், கேட்காது என்று தெரிந்தும், "ஓடு, ஓடு, கீழ ஓடு" என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு மூச்சு வாங்க, "ரோட்டுக்கு எத்தி, மோளே. எல்லாரும் வந்தாச்சு. கூடை எல்லாம் அங்கன கிடக்கு," என்றார்.

அவள் பாட்டைப் போட்டாள். எழுந்து போய், குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து, கையை உயர்த்தினாள். விரல்கள் மடங்கின. மீதி நேரத்துக்கு நான் ஏதோ பேசினேன். யானை ஆதார் வாங்கியதா என்பதை அன்று சொல்லவில்லை.

மறுநாள் நிகழ்ச்சிக்கு முன் அவளிடம் கேட்டேன், பாட்டை ஏன் உடனே போடவில்லை என்று.

"போட்டிருந்தா ஆடியிருப்பாங்க அண்ணே," என்றாள்.

அம்மா சொன்னதாக அவள் சொன்னது இது. நான் பேசிய எதையும் அவர்கள் நம்பவில்லை. செய்தி வாசித்ததுதான் அந்த வாரத்திலேயே நல்ல கதை என்று நினைத்திருக்கிறார்கள். சத்தம் நின்றதும், பேட்டரிக்கட்டை தீர்ந்துவிட்டது என்று அம்மா முடிச்சை அவிழ்த்து ரேடியோவைத் தட்டிப் பார்த்தார். காதில் வைத்து ஆட்டினார். மற்றவர்கள், "என்னா அக்கா, போன வாரந்தானே கட்ட மாத்துன," என்று கேட்டுக்கொண்டே பேசாமல் நின்றார்கள். அப்போதுதான் மேலே ஒரு கிளை முறிந்தது.

சில வாரங்கள் கழித்து, கூடலூருக்கு டாக்டரைப் பார்க்க வந்த அம்மா, மாடியேறி எங்கள் அறைக்கும் வந்தார். குள்ளமான பெண்மணி. விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? கொரல வெச்சு நல்லா ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தாங்கம்மா சொல்றாங்க."

"அன்னைக்கு ஆனை வருதுன்னு சொன்னீங்களே, கொஞ்சம் விளங்குற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிங்கம்மா சொல்லியிருக்கோணும்?"

"பொறகு வாய மூடுனீங்கள்ல? அத மொதல்லயே மூடியிருக்கலாம்."

மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது. யானைக் கதையை இனி விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னேன். அம்மா ஒப்பவில்லை. "அதுக்கு ஆதார் கெடைச்சுதா இல்லையான்னு நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம். நீங்க பாட்டுக்கு விட்டுப்புட்டா?"

மகள் உள்ளே வந்து, ரேடியோவை இனி மலைக்குக் கொண்டுபோகாதே என்று மறுபடி சொன்னாள். என் முன்னால் வைத்துச் சொன்னால் அம்மா கேட்பார் என்று நினைத்திருக்கலாம். அம்மா என்னைப் பார்த்து, "டீ கீ குடுக்க மாட்டீங்களா இங்க?" என்றார். குடித்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். முதுகு ஈரத்தைத் தாங்கவில்லை என்று இறங்கி வந்தேன். பதினொரு மணிக்குப் பாட்டுப் போடுகிறார்களாம். அவள் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறாள், எப்போதாவது பேசுவோம். இங்கே என் அறையில் காலை நேரத்தில் நல்ல வெளிச்சம் வருகிறது, சுவர் காய்ந்திருக்கிறது. சில நாள் பதினொரு மணி ஆகும்போது ஏதோ ஒரு வரிக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். வீட்டில் யாராவது, "கேஸ் வரல," என்று சொன்னால் உள்ளே ஏதோ எழுந்து நிற்கும்.

அம்மா ரேடியோவை விடவில்லை. நிகழ்ச்சி நின்ற நாள்வரைக்கும் மலைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு நிரையின் முடிவிலும் அதை அணைத்துவிட்டு, எல்லாரும் பேசாமல் நின்று கேட்டுவிட்டு, பிறகு போட்டார்.